பெருந்தொற்றுக் காலத்தில் எண்டோஸ்கோபி அறை

நுனியில் விளக்கும் கேமராவும் பொருத்திய வளையும் குழாயை வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ செலுத்தி, இரைப்பையையும் குடலையும் நேரில் பார்ப்பதே எண்டோஸ்கோபி. ரத்தக்கசிவை அடைப்பது, பித்தக்குழாய்க் கல்லை அகற்றுவது, திசு மாதிரி எடுப்பது ஆகியவையும் இதன் வழியே நடக்கின்றன. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று வருணித்தபோது, மருத்துவமனைகளில் அதிகம் அஞ்சப்பட்ட இடங்களில் எண்டோஸ்கோபி பிரிவும் ஒன்று.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. தொண்டையைக் குழாய் தாண்டும்போது நோயாளி இருமுவார், ஓங்கரிப்பார். அப்போது தெறிக்கும் துளிகளும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளும், ஓரிரண்டு அடி தூரத்தில் நிற்கும் மருத்துவரையும் செவிலியரையும் எட்டும். குழாய்க்குள் கருவிகளை நுழைத்து எடுக்கும்போதும் உடல்திரவம் சிதறலாம். நோயாளிகளின் மலத்திலும் வைரஸின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டதால் பெருங்குடல் பரிசோதனையும் ஐயத்துக்கு உள்ளானது. ஆனாலும், வாய்வழிப் பரிசோதனையைவிட அதில் ஆபத்து குறைவு என்றே கருதப்பட்டது. அறிகுறியே இல்லாதவர்களும் நோயைப் பரப்பியதால், யாரிடம் தொற்று இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வழியில்லை.

எனவே முதல் பாதுகாப்பு, யாருக்கு இப்போதே செய்தாக வேண்டும் என்று பிரிப்பதில் தொடங்கியது. ரத்த வாந்தி, உணவுக்குழாயில் சிக்கிய பொருள், பித்தக்குழாய் அடைப்பால் வந்த கடும் தொற்று ஆகியவை ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாதவை. புற்றுநோய் என்ற பலத்த சந்தேகம் இருந்தால் அதிகம் தள்ளிப்போடக் கூடாது. வழக்கமான மறுபரிசோதனைகளைச் சில மாதங்கள் ஒத்திவைக்கலாம்.

பரிசோதனைக்கு வருபவர்களிடம் காய்ச்சல், இருமல், வாசனை இழப்பு, தொற்றாளர்களுடன் தொடர்பு ஆகியவை பற்றி முன்கூட்டியே விசாரிக்கப்பட்டது. பல இடங்களில் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையும் கேட்கப்பட்டது. ஆனால் ‘நெகட்டிவ்’ என்ற முடிவு முழு உத்தரவாதம் அல்ல. மாதிரி எடுத்த நேரத்தையும் முறையையும் பொறுத்துத் தொற்று பிடிபடாமல் போகலாம். அதனால் முடிவு எதுவானாலும் முகக்கவசம், கண்ணாடி, கையுறை, நீர் புகாத மேலுடை ஆகியவை தேவைப்பட்டன. அவற்றை அணிவதைவிடக் கழற்றும்போதே கவனம் அதிகம் வேண்டும். வெளிப்புறத்தில் படிந்த கிருமி அப்போதுதான் கைக்கும் முகத்துக்கும் வருகிறது.

அடுத்தது காற்று. எதிர்மறை அழுத்த அறையில் வெளிக்காற்று உள்ளே வரும். உள்காற்று நடைவழிக்குக் கசியாமல் தனிப் பாதையில் வெளியேற்றப்படும். அறைக் காற்று மணிக்கு 6 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே அறையைக் காலியாக விட்டதற்கு இந்தக் கணக்கே அடிப்படை. சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. அதனால் காற்று மாறுவதில்லை.

குழாயின் சுத்திகரிப்பில் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. பயன்படுத்திய உடனே துடைத்து, குழல்வழிகளை உறிஞ்சி, கசிவு பார்த்து, நொதி கலந்த சோப்புக் கரைசலில் தூரிகையால் தேய்த்து, பிறகு குளூட்டரால்டிஹைடு, பெராசிட்டிக் அமிலம் போன்ற கிருமிநாசினியில் உரிய நேரம் அமிழ்த்தி, அலசி, முழுதாக உலர்த்துவது வழக்கமான முறை. கொழுப்பு உறை கொண்ட கொரோனா வைரஸ் இதில் எளிதில் அழியும். அதைவிடப் பிடிவாதமானவை சில பாக்டீரியாக்கள். பித்தக்குழாய் சிகிச்சைக்கான டியோடினோஸ்கோப்பின் நுனியிலுள்ள நுணுக்கமான பாகத்தில் அவை தங்கி, பெருந்தொற்றுக்கு முன்பே அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் நோய் பரப்பின. கழற்றி எறியக்கூடிய நுனிப்பாகம் கொண்ட கருவிகளுக்கு மாறும்படி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் பரிந்துரைத்தது. தேய்ப்பதிலும் உலர்த்துவதிலும் அவசரம் காட்டினால், வைரஸுக்குத் தப்பியவர் பாக்டீரியாவிடம் சிக்கலாம்.

இந்த நடைமுறைகள் பலன் தந்தனவா? முதல் அலையில் கடுமையாகத் தாக்கப்பட்ட வட இத்தாலியில், எண்டோஸ்கோபிக்குப் பின் கண்காணிக்கப்பட்ட சுமார் 800 நோயாளிகளில் ஒருவருக்கே கோவிட் உறுதியானது. பணியாளர்கள் 968 பேரில் 42 பேருக்குத் தொற்று இருந்தது; அதிலும் பெரும்பாலானவை பாதுகாப்பு நடைமுறைகள் வருவதற்கு முன் ஏற்பட்டவை.

மறுபக்கம், கதவடைப்பின் விலை பெரிது. பிரிட்டனில் 2020 வசந்தகாலத்தில் எண்டோஸ்கோபிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் வழக்கத்தின் 5 சதவீதமாகச் சரிந்தது. அவற்றின் வழியே வாரந்தோறும் கண்டறியப்படும் புற்றுநோய்கள் 58 சதவீதம் குறைந்தன. நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது.

ஆகவே, ஒழுங்காக நடத்தப்படும் பிரிவில் தொற்றும் வாய்ப்பைவிட, தேவையான பரிசோதனையைத் தவிர்ப்பதே பெரிய ஆபத்தாகலாம். கறுப்பு நிற மலம், விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை தென்பட்டால், பெருந்தொற்றுக் காலமானாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.