மழையில் காய வேண்டிய மரம்

மும்பையில் வேகப் படகுகள் கரையேறும் காலம் பருவமழை. அந்த நாட்களில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வா செல்லும் சாதாரணப் பயணிகள் படகுகள்கூட நின்றுவிடும். தனியார் படகுகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு செப்டம்பருக்குக் காத்திருக்கும். ரிப்பேர் வேலைக்கு வசதியான காலமும் இதுதான், சிக்கலான காலமும் இதுதான். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில்தான் நனைந்த மரத்தைக் காயவைத்தாக வேண்டும்.

ஃபைபர் படகில் மரம் ஏது? எஞ்சினைத் தாங்கும் பின்சுவரில் இருக்கிறது. டிரான்சம் எனப்படும் இந்தச் சுவர், பழைய படகுகள் பலவற்றில், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைத்த பிளைவுட். அதன் அடி விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எவர்சில்வர் தகடுகள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். படகு வேகமெடுத்து முகப்பு வானத்தைப் பார்க்கும்போது இந்த 'டிரிம்' தகடுகளைச் சற்றே இறக்கினால், பாயும் நீர் அவற்றில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்கும், முகப்பு தணியும். கனமானவர்கள் ஒரே பக்கம் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கத் தகட்டை மட்டும் இறக்கி நிமிர்த்தலாம்.

தகடு வாங்கும் அடியெல்லாம் சில திருகுகள் வழியாகச் சுவரில் இறங்குகிறது. திருகு ஒரு நூலளவு ஆடினால் போதும், சீலண்ட் விட்டுக்கொடுக்கும். துளையோ நீர்மட்டத்துக்குக் கீழே. புகுந்த தண்ணீர் பிளைவுட் அடுக்குகளில் பரவுகிறது. கடல்நீரைவிட மழைநீர் மோசம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். எவர்சில்வர் என்ற பெயரையும் நம்ப முடியாது. காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அந்தத் திருகும் அரிக்கும்.

தகட்டைச் சுற்றி சிலிகான் பூசி முடித்துவிடுவது பலருக்கும் பிடித்த குறுக்கு வழி. அது உள்ளே போன ஈரத்தைச் சிறைவைக்கிறது. அடுத்து எதைப் பூசினாலும் ஒட்டாமல் செய்தும் விடுகிறது. தகட்டைக் கழற்றியே ஆகவேண்டும். துளையை அகலப்படுத்தும்போது வரும் தூள் வெளுப்பாக இருந்தால் பிழைத்தோம். கறுப்பாகச் சேறுபோல் வந்தால் சுவரைப் பிளந்து புது பிளைவுட் வைக்க வேண்டியதுதான்; உரிமையாளர் கேட்க விரும்பாத செய்தி இது.

மரம் நன்றாக இருந்தால் கூரைக்கடியில் நிறுத்தி, விளக்குச் சூட்டில் நாள்கணக்கில் உலர்த்துகிறார்கள். அவசரம் இங்கேதான் வேலையைக் கெடுக்கிறது. பிறகு துளை முழுவதையும் கெட்டியான எபாக்சியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் சிறிய துளை போடவேண்டும். இனி திருகு எபாக்சியைத்தான் தொடும், மரத்தை அல்ல. மழைக்காற்றில் எபாக்சியின் மேல் மெழுகுபோல் படலம் படியலாம். தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போடவேண்டும்.

பாலியூரிதேன் சீலண்டின் கதை வேறு: காற்றின் ஈரத்தைக் குடித்தே அது இறுகுகிறது. இந்த வேலையில் மழையை வரவேற்கும் ஒரே பொருள்! நிரந்தரமாகப் பிடிக்கும் 3எம் 5200 இதில் பிரபலம். ஆனால் தகட்டை மறுபடி கழற்றும் நாளில் அது படகின் மேல்பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரலாம். சற்றுப் பலம் குறைந்த வகையே புத்திசாலித்தனம். திருகை ஒரேயடியாக முறுக்கினால் சீலண்ட் முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிடும். மெல்லிய படலம் உள்ளே நிற்குமளவு இறுக்கி, சில நாள் விட்டுவிட வேண்டும்.

படகு நீரில் இறங்கிய அன்று ஒருவர் டார்ச்சுடன் உள்ளே குனிந்து, பின்சுவரின் அடியைக் கையால் தடவிப் பார்ப்பார்.