மணிப்பூர் வரலாற்றில் மகளிர்

ஒரு வட்டாரத்தின் வரலாறு மன்னர்களின் போர்களாலும் உடன்படிக்கைகளாலும் மட்டும் ஆனதன்று. நாள்தோறும் நெல் குற்றியவர்களும், தறியில் நெய்தவர்களும், சந்தையில் விற்றவர்களும் அவ்வரலாற்றை உருவாக்கியுள்ளனர். வடகிழக்கு இந்தியாவில் உள்ள மணிப்பூர் இதற்குச் சிறந்த சான்றாகும்.

இம்பால் நகரில் உள்ள 'இமா கெய்தெல்' என்பதற்குத் 'தாய்மார் சந்தை' என்பது பொருள். பல்லாயிரம் பெண்கள் இங்குக் காய்கறி, மீன், துணி முதலியவற்றை விற்கின்றனர். கடை நடத்துவோர் அனைவரும் மகளிரே. 'மரூப்' எனப்படும் சீட்டு முறையும் அங்கு அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

இந்நிலைக்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. மன்னராட்சியில் 'லல்லுப்' என்னும் கட்டாய ஊழிய முறை நிலவியது. 17 முதல் 60 வயது வரையுள்ள ஆடவர், 40 நாட்களுக்கு 10 நாட்கள் வீதம் ஊதியமின்றி அரசுக்குப் பணியாற்ற வேண்டியிருந்தது. போர்க்காலங்களிலும் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. எனவே, வேளாண்மையின் பெரும் பகுதியும் உள்ளூர் வாணிபமும் பெண்களின் பொறுப்பாயின.

1891-இல் நடந்த போருக்குப் பின் மணிப்பூர் ஆங்கிலேயர் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. 1892-இல் லல்லுப் முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும், 1904-இல் ஆங்கிலேய அதிகாரிகளின் இல்லங்கள் தீக்கிரையானபோது, அவற்றை மீண்டும் கட்டுவதற்குக் கபோ பள்ளத்தாக்கிலிருந்து மரம் கொண்டுவருமாறு இம்பால் ஆடவருக்கு ஆணையிடப்பட்டது. ஒழிந்த கட்டாய ஊழியம் திரும்புவதைக் கண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்த்தனர். ஆணை கைவிடப்பட்டது. இதுவே 'நுபி லான்', அதாவது 'மகளிர் போர்' எனப்படும் கிளர்ச்சிகளுள் முதலாவதாகும்.

இரண்டாவது கிளர்ச்சி 1939-இல் எழுந்தது. நெல்லை வாங்கிக் கைக்குத்தலாக அரிசியாக்கி விற்றுப் பிழைத்த பெண்களின் வருவாயை அரிசி ஆலைகள் பறித்தன. வணிகர்கள் அரிசியைப் பெருமளவில் வெளியே ஏற்றுமதி செய்தனர். அவ்வாண்டு பெருமழையால் விளைச்சலும் குன்றியது. அரிசி விலை ஏறிற்று. பற்றாக்குறை வரப்போவதை அதிகாரிகளுக்கு முன்பே உணர்ந்தவர்கள், நாள்தோறும் அரிசியை அளந்து விற்ற சந்தைப் பெண்களே எனலாம்.

டிசம்பர் 12 அன்று அவர்கள் தர்பார் தலைவரைச் சூழ்ந்து, ஏற்றுமதியை நிறுத்துமாறு கோரினர். மகாராஜா அப்போது வங்காளத்தின் நவத்வீபத்தில் இருந்தமையால், அவருக்குத் தந்தி அனுப்பச் செய்தனர். அவர்களைக் கலைக்கப் படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். பெண்கள் பலர் காயமுற்றனர். ஆயினும், மறுநாளே ஏற்றுமதியை நிறுத்த ஆணை பிறந்தது. அதன் பின்னரும் அவர்கள் சந்தையைப் புறக்கணித்துப் பல மாதங்கள் போராடினர். டிசம்பர் 12 இன்றும் மணிப்பூரில் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவ்விரு கிளர்ச்சிகளும் திடீர் எழுச்சிகள் அல்ல. ஒரே சந்தையில் அருகருகே அமர்ந்து விற்றவர்களிடையே செய்தியும் ஒற்றுமையும் விரைவாகப் பரவின. தம் உழைப்பால் ஈட்டிய வருவாய் அவர்களுக்குத் துணிவை அளித்தது.

திட்டமிடுவோர் இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. மகளிருக்கு விற்பனை இடமும், கடன் வசதியும், கிடங்கும் அளிப்பது வெறும் நலத்திட்டமன்று. பொது வாழ்வில் அவர்களது குரலுக்கு அடித்தளமிடுவதாகும். பெண்களின் உழைப்பைக் குடும்பத் தொழிலுக்கான துணைப்பணியென ஒதுக்கும் கணக்கு, வட்டாரப் பொருளாதாரத்தையும் வரலாற்றையும் ஒருங்கே குறைத்து மதிப்பிடுவதாகும்.