சான்றிதழ் என்ன அடகுப் பொருளா?

விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றின் காலனித் தெருவுக்கு அண்மையில் போயிருந்தோம். அந்தத் தெருவிலிருந்து முதுநிலை மருத்துவம் வரை படித்த முதல் பெண்ணின் வீடு அது. அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. சேரும்போது எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். தவறினால் லட்சக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கின்றன. படிப்பு முடிந்து ஏழு மாதமாகியும் பணி ஆணை வரவில்லை. வேறு எங்கும் சேரவும் வழியில்லை.

"டாக்டர் வீடுன்னு ஊர்ல சொல்றாங்க. நான் இன்னும் சூளைக்குத்தான் போறேன்" என்றார் அப்பா.

பத்திரமே கூடாது என்பதல்ல நம் வாதம். காய்ச்சலோ பிரசவமோ, நம் மக்கள் ஓடுவது அரசு மருத்துவமனைக்குத்தான். அங்கே மருத்துவர் இருந்தாக வேண்டும். இத்தகைய பத்திரங்கள் செல்லும் என்று 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் நிபந்தனைகளுக்குப் பதிலாகச் சீரான கொள்கை தேவை என்ற யோசனையையும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆனால், ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும். முதலில் தன் பங்கைச் செய்ய வேண்டியவர் செய்யாமல் இருந்துவிட்டு, எதிர்த் தரப்பைச் செய்யச் சொல்லிக் கேட்க முடியாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 54ஆவது பிரிவு. பணியிடம் தர வேண்டியது அரசு. ஆணையே வராதபோது மருத்துவர் எங்கே போய் வேலை செய்வார்?

சான்றிதழ் விஷயம் இன்னும் தெளிவு. வங்கி போன்ற சிலர், தங்களிடம் ஒப்படைத்த சரக்கை நிலுவைக்காகப் பிடித்து வைக்க 171ஆவது பிரிவு இடம் தருகிறது. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2024 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. பத்திரத் தொகை முழுவதையும் கேட்கலாமா என்பது வேறு வழக்கு. 74ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு என்று மட்டுமே சொல்கிறது. அரசுக்குத் தரும் சிலவகைப் பத்திரங்களுக்கு விலக்கும் வைத்திருக்கிறது. அதை வக்கீல்கள் வாதாடட்டும்.

அந்தக் குடும்பத்துக்குத் தொகையைவிடப் பெரிய பாடு ஜாமீன் கையெழுத்துதான். நிரந்தர அரசு ஊழியர் வேண்டும் என்றார்களாம். "படிச்ச குடும்பத்துல சித்தப்பா, மாமான்னு நாலு பேரு இருப்பாங்க. எங்க சொந்தத்துல யாரு இருக்கா?" என்றார் அம்மா. இடஒதுக்கீடு இடம் வாங்கித் தந்தது. ஜாமீன்தாரரை வாங்கித் தரவில்லை. பத்து நாள் அலைந்த பிறகு, பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்த டீச்சர் ஒருவர் கையெழுத்துப் போட்டார்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சான்றிதழையும் பணி ஆணையையும் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். இந்தப் பெண்ணின் மனுவை அன்று மாலையே அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம்.

ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். டீச்சருக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. "ஆர்டர் வந்துச்சாம்மா?" என்று மாதாமாதம் போன் செய்கிறாராம்.