இன்சுலின் பம்ப் வாங்குமுன் அறிய வேண்டியவை

ஆரோக்கியமான சரீரத்தில் கணையமானது, நாம் உறங்கினாலும் விழித்தாலும், உண்டாலும் உபவாசம் இருந்தாலும், சிறுகச் சிறுக இன்சுலினைச் சுரந்தபடியே இருந்து, உணவு உட்கொள்ளும் வேளையில் அதனைப் பெருக்கித் தருகிறது. முதல் வகை நீரிழிவில் அந்தச் சுரப்பு ஏறக்குறைய அற்றுப்போவதால், 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்ட நாள்தொட்டு, அந்நோயாளிகளின் ஜீவன் ஊசியையே ஆதாரமாகக் கொண்டுவிட்டது. எனினும் தினம் நான்கைந்து ஊசிகளால் கணையத்தின் இடையறாத சுரப்பை முற்றும் ஒத்துச் செல்ல இயலாது. இக்குறையை நிவர்த்திக்கப் பிறந்ததே இன்சுலின் பம்ப்.

1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் வைத்தியர் ஆர்னால்ட் கடிஷ் அமைத்த ஆதி யந்திரம் முதுகில் சுமந்து திரியும் அளவுக்குப் பெரிதாயிருந்தது. 1978இல் லண்டன் கைஸ் மருத்துவமனை வைத்தியர்கள், உடலில் அணியத்தக்க பம்பினால் தோலடியில் இன்சுலினை இடைவிடாது செலுத்திச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்று காட்டிய பின்னரே, இம்முறை ஒரு சிகிச்சையாக மதிக்கப்பெற்றது.

இன்றைய பம்ப் சட்டைப் பையில் அடங்கிவிடும். விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே அதில் நிரப்பப்பட்டு, மெல்லிய குழாய் வழியே, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் பொருத்திய நுண்குழலைச் சென்றடைகிறது. வைத்தியர் வகுத்தபடி மணிக்கு இவ்வளவு என்று இரவு பகலாகச் செல்வது ‘பேஸல்’. உணவிலுள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு, உண்பதற்கு முன் நோயாளியே பொத்தானை அழுத்திச் செலுத்திக்கொள்வது ‘போலஸ்’. விடியற்காலையில் தானாகவே சர்க்கரை ஏறும் இயல்புடையோர் அவ்வேளைக்கு மட்டும் பேஸலை உயர்த்திவைக்கலாம். தேகப்பயிற்சியின்போது தாழ்த்தியும் கொள்ளலாம். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி, சர்க்கரையை அளக்க உடலில் ஒட்டிய சென்சாரின் அளவீட்டைக் கொண்டு ஐந்து நிமிஷத்துக்கொருமுறை பேஸலைத் தானே திருத்திக்கொண்டது. ஆயினும் உணவின் கணக்கை அதற்குச் சொல்லும் பொறுப்பு மனிதனிடமே தங்கிற்று.

இச்சௌகரியங்களுக்கு உள்ளேயே ஓர் அபாயமும் இருக்கிறது. நீடித்து வேலை செய்யும் இன்சுலின் உடலில் சேமிப்பாக இல்லாமையால், குழல் மடங்கினாலோ அடைத்தாலோ சில மணி நேரத்திலேயே சர்க்கரை மிகுந்து, இரத்தத்தில் அமிலம் தேங்கும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் பிராணாபத்து நேரக்கூடும். ஆகையால் பம்ப் அணிந்தவர் சர்க்கரையை அடிக்கடி சோதிப்பதும், இன்சுலின் பேனாவைக் கைவசம் வைத்திருப்பதும் அவசியம்.

தேர்வு செய்யும்போது யந்திரத்தின் பிரசித்தியைக் காட்டிலும் அணிபவரின் வாழ்க்கையையே பிரதானமாகக் கொள்ள வேண்டும். குழாயின்றித் தோலில் ஒட்டும் ஆம்னிபாட் போன்றவை ஓடியாடும் குழந்தைகளுக்கு உகந்தவையாயினும், ஆம்னிபாட்டின் கொள்ளளவு 200 யூனிட்டே. நாளொன்றுக்கு 80 யூனிட் தேவைப்படுபவருக்கு அது மூன்று நாள் தாங்காது. அவருக்கு 300 யூனிட் கொள்ளும் குழாய்ப் பம்பே பொருந்தும். சிறு குழந்தைக்கோ, கொள்ளளவைவிட, மிக நுண்ணிய அளவில் பேஸலை அமைக்க இயலுமா என்பதே முதற்கேள்வி. பம்பின் விலை ஒருமுறையோடு முடிந்தாலும், இரண்டு மூன்று நாளைக்கொருமுறை மாற்ற வேண்டிய குழல்தொகுதியும், சென்சாரும் ஓயாத செலவாதலால், அவை உள்ளூரில் தடையின்றிக் கிடைக்குமா, பழுது நேர்ந்தால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் வரும் என்பவற்றையும் விசாரித்தல் நலம்.

மாவுச்சத்துக் கணக்கையும் சர்க்கரைச் சோதனையையும் ஊசிக் காலத்திலேயே பழகிக்கொண்டவருக்குப் பம்ப் பெரும் பிரயோஜனம் தரும். அப்பழக்கம் இல்லாதவர் முதலில் அதைக் கற்றுக்கொண்டு, பின்னர் கருவிக்குப் பணம் கட்டுவதே உத்தமம்.