ராஜா நிறுத்துப் பார்த்த காசு

இலங்கையின் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களில் ஆளின் குணத்தைத் தராசில் பார்ப்பார்கள். கொழுந்து நிறுக்கும் நேரம், முள் நிற்கிற எண்ணும் துண்டில் ஏறுகிற எண்ணும் ஒன்றுதானா என்று, சாக்கை இறக்கிய அக்கா கண்ணெடுக்காமல் நிற்பார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது இரண்டு கிலோ கூடப் போனால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும், முழுநாள் கூலி பாதியாகிவிடும். கழித்தவர் எப்படிப்பட்டவர் என்பது அன்று மாலையே லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் இலங்கை அரசன் இதே சோதனையை ரோமாபுரிக்கு வைத்தான். சொல்பவர் ரோம அறிஞர் பிளினி. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸிடம் அடிமையாயிருந்து விடுதலையான ஒருவன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போனான். வாடைக்காற்று அடித்துக்கொண்டு போய் 15ஆம் நாள் இலங்கைக் கரையில் தள்ளியது. ரோமர் இதை அதிர்ஷ்ட தேவி போர்த்துனாவின் விளையாட்டு என்பார்கள். நாம் தலையெழுத்து என்போம். ஆறு மாதம் அரச விருந்தாளியாயிருந்து ஊர்ப் பேச்சையும் பழகிக்கொண்டான். அவனிடமிருந்த தெனாரியஸ் வெள்ளிக் காசுகளில் முகங்கள் வேறு வேறு, எடை மட்டும் ஒன்று. அரசன் அசந்துபோனான். ஆள் மாறியும் எடை மாறாத ஊரில் நியாயம் இருக்கும் என்று நம்பி, பேரரசன் கிளாடியஸிடம் (கி.பி. 41–54) நான்கு தூதரை அனுப்பினான்.

வெறும் கதை என்று ஒதுக்க முடியாது. எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாறையில், புளோகாமஸின் அடிமை லிசாஸ் தான் வந்துபோனதைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்திருக்கிறான். ஆண்டு கி.பி. 6. கிளாடியஸுக்கு வெகு முந்தியது. பிளினி காலத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டார் போலும்.

ஒரு ரோம ராத்தல், அதாவது சுமார் 327 கிராம் வெள்ளியில் 84 காசு என்பது கணக்கு. ஒன்று 3.9 கிராம் வரும். கைமாறித் தேய்ந்தது அதற்கும் கீழே நிற்கும். ஆகவே அரசன் கண்ட சமம், அவன் தராசு பிடித்த அளவுக்குச் சமம்.

கி.பி. 64 வாக்கில் பேரரசன் நீரோ அதே ராத்தலில் 96 காசு அடிக்கச் சொன்னான். செம்பும் கூடுதலாகச் சேர்ந்தது. முகம் மட்டும் பழையபடி பளபளத்தது. பிளினி தன் நூலை முடித்தது அதற்குப் பிறகுதான். ராத்தலுக்கு 84 என்பதே முறை, சிலர் எடையில் கைவைக்கிறார்கள் என்று அதே நூலில் வேறோர் இடத்தில் புலம்புகிறார். இலங்கை அரசனின் பாராட்டை எழுதியதும் அதே பேனாதான்.

இந்த எடைக் குறைப்பில் தமிழகத்துக் கொங்கு வணிகர்கள் ஏமாந்ததாகத் தெரியவில்லை. கோயம்புத்தூர், கரூர் பக்கம் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை நீரோவுக்கு முந்திய பேரரசர்கள் அகஸ்டஸும் திபேரியஸும் அடித்தவை. நீரோ எடையைக் குறைத்த பிறகு அடித்த வெள்ளி அங்கே அபூர்வம்.