ஊர் திரும்பிய விருந்தாளி!

வெளிநாடு போகிறவனுக்கு வழியனுப்பு உண்டு, ஊறுகாய் பாட்டில் உண்டு, ஆயிரம் புத்திமதி உண்டு. திரும்பி வருகிறவனுக்கு? ஒரு புத்திமதியும் கிடையாது!

எட்டு வருஷ சிங்கப்பூர் வாசத்துக்குப் பிறகு சேலம் அம்மாபேட்டை வந்தேன். தறிச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு, அதே சத்தத்தில் ஒரு வாரம் தூக்கமில்லை! தட்டுவடை செட் கடையில் க்யூ எங்கே என்று தேடினேன். "என்னங்ணா, வேணுமா, வேணாமா?" என்றார் கடைக்காரர்.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகலாம். வீட்டுக்குள்தான் சுருக்கென்றது. ரேஷன், பையன் ஸ்கூல், அம்மாவின் மாத்திரை எல்லாம் தனியாகவே பார்த்துப் பழகியவள் மனைவி. "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். அன்பாகத்தான். ஆனால், சும்மா இருப்பவன் விருந்தாளிதானே!

போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களைப் பற்றி 1945-லேயே எழுதினார் சமூகவியலாளர் ஆல்ஃப்ரெட் ஷூட்ஸ். போனவனும் மாறிவிட்டான், வீடும் மாறிவிட்டது. இருவருமே பழைய ஆளைத் தேடுகிறார்கள் என்பது அதன் சாரம். 1963-ல் கல்லஹார்ன் தம்பதி இதை 'டபிள்யூ' எழுத்தாகவே வரைந்தார்கள். அந்நிய மண்ணில் ஒரு சறுக்கல், சொந்த மண்ணில் இன்னொரு சறுக்கல். ஆனால், அந்த எழுத்தின் கடைசிக் கோடு மேல்நோக்கித்தான் போகிறது, கவனித்தீர்களா?

"எனக்கும் ஒரு வேலை கொடேன்" என்று மனைவியிடமே கேட்டுவிட்டேன். யோசித்து, அம்மாவின் மாத்திரைச் சீட்டை நீட்டினாள்.

சிங்கப்பூரில்கூட இப்படி ஒரு ப்ரமோஷன் கிடைத்ததில்லை, சார்!