மழைக்கு மறுநாள் அறுத்த சோளம் மாட்டைக் கொல்வது ஏன்?

மானாவாரியில் விதைத்த தீவனச்சோளம் பல நாள் மழையில்லாமல் வாடி நிற்கும். பிறகு ஒரு நல்ல மழை பெய்யும். இரண்டே நாளில் பயிர் கரும்பச்சையாகத் தலை நிமிரும். தீவனத் தட்டுப்பாட்டில் இருப்பவர்கள் உடனே அறுத்துப் போடுவார்கள். பசித்த மாடு ஆவலாகத் தின்னும். சில மணி நேரத்தில் மூச்சு வாங்கி, தள்ளாடி, விழுந்துவிடும். ‘பாம்பு தீண்டியிருக்கும்’ என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், பயிரில் தேங்கிய தழைச்சத்தே எமனாகியிருக்கக்கூடும்.

ஏறும் படி, இறங்கும் படி

வயலில் போடும் யூரியா மண்ணில் முதலில் அம்மோனியம் ஆகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை ஆக்ஸிஜனேற்றம் செய்து நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட், நைட்ரஸ் அமிலத்தின் உப்பு. நைட்ரேட், நைட்ரிக் அமிலத்தின் உப்பு. நைட்ரஜனின் ஆக்ஸிஜனேற்ற எண் அம்மோனியத்தில் -3, நைட்ரைட்டில் +3, நைட்ரேட்டில் +5. மண்ணில் இப்படிப் படியேறும் நைட்ரஜன், பயிருக்குள் போனதும் அதே படிகளில் இறங்க வேண்டும். மீண்டும் அம்மோனியமாக ஒடுக்கப்பட்டால்தான் அது புரதமாகும்.

அந்த இறக்கத்துக்கு வெயிலும் ஈரமும் தேவை. வறட்சியிலும், தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாட்களிலும் அந்த வேலை மந்தமாகிவிடும். மழை பெய்ததும் வேர் நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சும். இலையால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் நைட்ரேட் தண்டில், குறிப்பாக அடித்தண்டில், தேங்கிவிடும். சோளம் மட்டுமல்ல, மக்காச்சோளம், கம்பு நேப்பியர், களையாக முளைக்கும் கீரை வகைகளிலும் இது நடக்கும்.

மாட்டின் வயிற்றில் நடப்பது

மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாகவும், பிறகு அம்மோனியாவாகவும் ஒடுக்குகின்றன. நைட்ரேட் அதிகமாக வந்தால் முதல் படி வேகமாக நடக்கும். அடுத்த படி பின்தங்கும். நடுவில் சேர்ந்துபோகும் நைட்ரைட் ரத்தத்தில் கலக்கும். அங்கே ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை +2 நிலையிலிருந்து +3 நிலைக்கு ஆக்ஸிஜனேற்றம் செய்துவிடும். அந்த இரும்பால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாது. மாடு மூச்சை இழுத்தாலும் உடலுக்குக் காற்று சேராது. ரத்தம் சாக்லேட் பழுப்பு நிறமாகும். ஈறும் கண் சவ்வும் நீலம் பாயும். பிழைத்த சினை மாடுகளுக்குக் கன்று வீசும் அபாயமும் உண்டு.

இரண்டு நஞ்சு, இரண்டு வைத்தியம்

இளஞ்சோளத்தில் சைனைடு நஞ்சும் உண்டு என்பது விவசாயிகளுக்குத் தெரியும். அதில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். சோளத்தை நன்றாக உலர்த்தினால் சைனைடு குறையும், நைட்ரேட் குறையாது.

மருந்தும் வேறு. நைட்ரேட் நஞ்சுக்குக் கால்நடை மருத்துவர் மெத்திலீன் புளூ ஊசியை ரத்தக் குழாயில் செலுத்துவார். அந்த மருந்து இரும்பை மீண்டும் +2 நிலைக்குக் கொண்டுவரும். சைனைடுக்கோ சோடியம் தயோசல்பேட்டுடன் சோடியம் நைட்ரைட்டைக் கொடுப்பதுண்டு. அதை நைட்ரேட் நஞ்சு ஏறிய மாட்டுக்குப் போட்டால், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போலாகும். ஆகவே கைவைத்தியம் வேண்டாம். மீதித் தீவனத்தை உடனே அகற்றிவிட்டு, மாட்டை அலைக்கழிக்காமல் 1962 எண்ணுக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். என்ன தின்றது, எப்போது மழை பெய்தது, எப்போது யூரியா போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வருமுன் காக்க

* வறட்சிக்குப் பின் மழை பெய்தால் 7 முதல் 10 நாள் கழித்தே அறுக்கவும்.
* யூரியாவை ஒரே தவணையில் கொட்டாமல் பிரித்து இடவும். வாடிய பயிருக்கு யூரியா வேண்டாம்.
* சந்தேகம் இருந்தால் அடித்தண்டு ஓர் அடியை வயலிலேயே விட்டு, உயர்த்தி அறுக்கவும்.
* பசித்த மாட்டுக்கு முதலில் வைக்கோலைக் கொடுத்து, பிறகு பசுந்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து கொடுக்கவும்.
* ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தினால் நைட்ரேட் ஓரளவு குறையும். முழுதாகப் போகாது.
* தீவனத்தைப் பரிசோதித்துப் பார்க்கலாம். உலர் எடையில் நைட்ரேட் 0.5 சதவிகிதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 1 சதவிகிதத்தைத் தாண்டினால் ஆபத்து.

கிணற்றையும் கவனியுங்கள்

எருக்குழிக்குப் பக்கத்தில் உள்ள கிணற்றிலும், உரம் அதிகம் போடும் தோட்டத்துக் கிணற்றிலும் நைட்ரேட் கசிந்து சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கும் மாட்டுக்கு வந்த அதே மூச்சுத்திணறல் வரலாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி இன்னும் கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டினர் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.